ஒரு வாரம்தான் தாங்கும்

"இருமல் எப்படி இருக்கு உஸ்தா?" என்று மருந்தக ஜன்னலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து அனார்குல் கேட்டாள்.

நின்றுவிட்டது என்று ஷார்ஷென் சொல்லியிருக்க வேண்டும். அதுதான் உண்மை. நாய்க்கு இருமல் நின்று வெகுநாள் ஆகியிருந்தது. இன்னும் சரியாகச் சொல்வதென்றால், நாயே அங்கே இல்லை. அவன் மகள் அய்சுலூ வீடு மாறுகிற அமளியில் தன் வேட்டைநாய் ஷாமலைக் கொஞ்ச காலத்துக்கு அப்பாவிடம் விட்டுவைத்திருந்தாள். கோடை தொடங்கியதும் வந்து, வண்டியில் ஏற்றி, ஓஷ் நகரத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். மலைத்தொடருக்கு அந்தப் பக்கத்தில் அது இருமினால் காரகோலில் இருக்கிற ஷார்ஷெனுக்கு எப்படிக் கேட்கும்?

ஆனாலும் ஒவ்வொரு வியாழக்கிழமையும் அவன் முகச்சவரம் செய்துகொண்டு, கையிலிருக்கும் கிரீஸ் கறையை மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்து, பிறகு மண்ணெண்ணெய் வாசனை போக இரண்டு தடவை சோப்புப் போட்டு, அந்த மருந்தகத்தின் ஜன்னல் முன்னால் வந்து நின்றுகொண்டுதான் இருந்தான். இல்லாத நாய்க்கு மருந்து வாங்க.

அது மருந்தைக் கையால் தயாரித்துக் கொடுக்கிற பழைய பாணி மருந்தகம். நாய் மருந்து முழுக்க அனார்குலின் பொறுப்பு. எந்த நாயும் மாத்திரையை ஒழுங்காக விழுங்குவதில்லை. ரொட்டிக்குள் வைத்தால் ரொட்டியைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்பிவிடும். அனார்குல் மாத்திரைகளைக் கல்வத்தில் போட்டு மாவாக அரைப்பாள். நாயின் எடைக்குத் தகுந்தபடி அளந்து, பாகில் கலந்து, மாட்டிறைச்சி வாசனை சேர்த்து, பால்போல வெள்ளையாக ஒரு புட்டி நிரப்பித் தருவாள். அதை வைத்த இடத்தைத் தேடிப்போய் நக்கும் நாய்கள்.

ஷாமலுக்கு முதல் புட்டியை வாங்கிய அன்றே அவள் சொல்லியிருந்தாள். "இது கம்பெனியிலேர்ந்து வர்ற மருந்து மாதிரி இல்ல உஸ்தா. கையால கலக்குறது. ஒரு வாரம்தான் தாங்கும். ஃபிரிட்ஜுல வையுங்க, நல்லாக் குலுக்கிக் கொடுங்க. வாரம் முடிஞ்சதும் மிச்சம் இருந்தாலும் பாக்காம, வந்து புதுசு வாங்கிக்குங்க."

ஷார்ஷெனுக்கு அந்த விதி அன்றே பிடித்துப்போயிற்று. அவன் ஊரிலேயே பேர்போன ஃபிரிட்ஜ் மெக்கானிக். தொழிலில் கைதேர்ந்தவன் என்பதால் ஊரே அவனை உஸ்தா என்றுதான் கூப்பிடும். கெட்டுப்போகிற சாமான்களோடுதான் அவன் வாழ்க்கையே. வெண்ணெய் கெட்டதற்கும் இறைச்சி கெட்டதற்கும் ஊரார் அவனிடம் வந்து அழுதிருக்கிறார்கள். ஒரு பொருள் சீக்கிரம் கெட்டுப்போவதை நினைத்து அவன் சந்தோஷப்பட்டது அதுதான் முதல் தடவை. இன்னும் கொஞ்சம் தாக்குப்பிடிக்கிற மருந்தாக இருந்திருந்தால் அனார்குலை மாதத்துக்கு ஒரு தடவைதான் பார்க்க முடிந்திருக்கும். மனைவி போய்ச் சேர்ந்து ஆறேழு வருஷமாகிறது. ஒரு பெண்ணிடம் போய் நேரடியாக நாலு வார்த்தை பேசுவது எப்படி என்பதே அவனுக்கு மறந்துபோயிருந்தது. புட்டியை நீட்டினால் பேச்சு தானாக வந்தது.

"என்ன உஸ்தா, யோசிக்கிறீங்க? இருமல் நின்னிருந்தா இனி இது வேண்டாம்" என்றாள் அனார்குல். "இத்தனை நாள் கொடுத்தாச்சு. இதுவே கடைசிப் புட்டியா இருக்கட்டும்."

கடைசி என்ற வார்த்தை ஷார்ஷெனின் நெஞ்சில் போய் விழுந்தது.

"இருமுது" என்றான். "நல்லாவே இருமுது."

"மருந்து கொடுத்துமா?"

"கொடுத்தும்."

"அப்ப மருந்து வேலை செய்யலைன்னு அர்த்தம்."

"சேச்சே, மருந்து அருமையான மருந்து" என்று ஷார்ஷென் பதறினான். அவளுடைய மருந்தை அவள் முகத்துக்கு நேராக எப்படிக் குறை சொல்வது? "முதல்ல நல்லாத்தான் கேக்குது. வாரக் கடைசியில கொஞ்சம்... கெட்டுப்போயிடுது போல."

அனார்குலின் கை அப்படியே நின்றது.

"இது கெடவே கெடாதே" என்றாள். பிறகு தராசின் பக்கம் திரும்பிக்கொண்டு, "அதாவது, ஒரு வாரத்துக்குள்ள கெடாது" என்றாள். "அந்தப் புட்டியைக் கொண்டாங்க. நான் பாக்கணும்."

இப்படித்தான் ஷார்ஷெனுக்குக் கெட்டுப்போன ஒரு புட்டி மருந்து அவசரமாகத் தேவைப்பட்டது.

வீட்டுக்கு வந்து ஒரு புட்டியை எடுத்து வெயிலில் ஜன்னல் மேடையில் வைத்தான். சாயங்காலம் பார்த்தால் அது காலையில் இருந்தது மாதிரியே வெள்ளை வெளேர் என்று இருந்தது. ரிப்பேருக்கு வந்திருந்த ஒரு ஃபிரிட்ஜின் பின்னால், சூட்டைக் கக்குகிற குழாய்களுக்கு நடுவே செருகிவைத்தான். சூடானது, கெடவில்லை. வண்டியின் இன்ஜினுக்குப் பக்கத்தில் கட்டி, ஏரிக்கரைக் குண்டும் குழியுமான சாலையில் ஓட்டிக்கொண்டு போய்வந்தான். நல்லாக் குலுக்கிக் கொடுங்க என்று அவள் சொன்னதை அந்தப் பயணம் நிறைவேற்றி வைத்ததுதான் மிச்சம். மூடியைத் திறந்து முகர்ந்தால் மாட்டிறைச்சி வாசனை மணத்தது. அவனுக்கே பசித்தது.

"என் தொழில்ல எத்தனையோ சாமான் கெட்டுப் பாத்திருக்கேன்" என்று புட்டியைப் பார்த்துச் சொன்னான். "உன்னை மாதிரி பிடிவாதம் பிடிச்சதைப் பாத்ததில்ல."

கடைசியில் வேறு வழியில்லாமல், குடிப்பதற்கு வைத்திருந்த புளித்த குதிரைப்பாலில் கொஞ்சம் எடுத்துப் புட்டிக்குள் ஊற்றி, மூடியை இறுக்கிவைத்தான். அது தன் வேலையைப் பார்த்தது. மறுநாள் காலையில் மூடி மேல்நோக்கிப் புடைத்திருந்தது.

மருந்தகத்தில் அன்று நல்ல கூட்டம். அனார்குல் புட்டியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். கட்டி கட்டியாக என்னவோ மிதந்தது. "இது என்ன?" என்று கேட்டுக்கொண்டே மூடியைத் திருகினாள்.

டப் என்று ஒரு சத்தம். மூடி பறந்து கூரையில் பட்டது. அனார்குலின் வெள்ளைக் கோட்டு முழுக்க நுரை. பின்னறையிலிருந்து அப்போதுதான் வெளியே வந்த எசென்கூலின் டையிலும் பாதி நுரை. எசென்கூல்தான் மருந்தகத்தின் சொந்தக்காரர். மருந்து பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. டைகளைப் பற்றி நிறையத் தெரியும்.

"நம்ம மருந்து வெடிக்குதா?" என்று கேட்டார்.

வரிசையில் நின்றவர்கள் இரண்டு அடி பின்வாங்கினார்கள். அனார்குலின் முகம் சுண்டிப்போவதைப் பார்த்ததும் ஷார்ஷெனுக்குத் தாங்கவில்லை.

"அவங்க மேல தப்பு இல்ல" என்றான் உரக்க. "என் ஃபிரிட்ஜுதான் சரியாக் குளிரல."

சொன்ன பிறகுதான், தான் என்ன சொன்னோம் என்பது அவனுக்கே கேட்டது. வரிசையில் நின்ற எல்லோரும் அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். அதில் பாதிப்பேர் வீட்டு ஃபிரிட்ஜைத் தொட்டுப் பார்த்தவன் அவன்தான்.

மத்தியானத்துக்குள் விஷயம் சந்தைக்குப் போய்விட்டது. மெக்கானிக் வீட்டு ஃபிரிட்ஜே குளிரவில்லையாம் என்றது சந்தை. அதில் வைத்த மருந்து கொதித்து வெடித்ததாம் என்றும் சேர்த்துக்கொண்டது. ரிப்பேருக்கு வரச்சொல்லியிருந்த மூன்று வீட்டுக்காரர்கள் ஆள் அனுப்பி, இப்போது வேண்டாம் என்றார்கள். பக்கத்து வீட்டுத் தொக்தோசுன் வேலிக்கு மேலாகத் தலையை நீட்டினான்.

"ஏ ஷார்ஷென், ரொட்டி சுடணும். உன் ஃபிரிட்ஜைக் கொஞ்சம் கொடுக்கிறியா?"

தொக்தோசுனாவது சிரித்துக்கொண்டு சொன்னான். கசாப்புக்காரன் பெய்ஷே சிரிக்கவில்லை. அவன் கடையின் பெரிய குளிர்பெட்டியை ஷார்ஷென்தான் போன வசந்தத்தில் சரிசெய்திருந்தான். அதற்குள் ஒரு முழுக் குதிரையின் இறைச்சி இருந்தது. நேராக வீட்டுக்கே வந்துவிட்டான்.

"உன் ஃபிரிட்ஜைக் காட்டு."

"எதுக்கு?"

"என் குதிரை உன்னை நம்பிப் படுத்திருக்கு. காட்டு."

ஷார்ஷென் திறந்து காட்டினான். பெய்ஷே உள்ளே கையை விட்டான். கொஞ்சநேரம் வைத்திருந்தான். எடுத்தபோது விரல் சிவந்திருந்தது.

"மலைமேல நரின் ஊர்க் குளிர் மாதிரி இருக்குடா. இதையா குளிரலைன்னு சொன்னே?"

ஷார்ஷெனுக்குத் தொழில் மானம் பொத்துக்கொண்டு வந்தது. "நல்லாத்தான் குளிருது" என்று ஒப்புக்கொண்டான்.

"அப்ப தப்பு மருந்துல."

"அப்படி நான் சொல்லல."

"நீ சொல்ல வேண்டாம். நான் சொல்லிக்கிறேன்" என்று பெய்ஷே கிளம்பிப் போனான். அவன் கடையில் இறைச்சி வாங்க வருகிறவர்கள் கொஞ்சநஞ்சம் இல்லை. இறைச்சி வெட்டுகிற நேரத்தில் அவனுக்குப் பேச ஒரு விஷயம் வேண்டும்.

ஆக, தன் தலையில் தூக்கிப் போட்டுக்கொண்ட பழி இரண்டே நாளில் ஷார்ஷெனின் தலையிலிருந்து இறங்கி, நடந்து போய், அனார்குலின் தலையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. நாய் வைத்திருக்கிறவர்கள் எல்லாம் புட்டிகளைத் தூக்கிக்கொண்டு மருந்தகத்துக்கு வந்தார்கள். சிலர் புட்டியைக் கையை நீட்டித் தூரமாகப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். எசென்கூல் புது டை கட்டிக்கொண்டு வந்து, காரணம் தெரிகிறவரைக்கும் நாய்களுக்கான திரவ மருந்து எதுவும் தயாரிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். வலிப்பு வருகிற தன் காவல்நாய்க்கு மருந்து வாங்க மேய்ச்சல் மலையிலிருந்து இறங்கி வந்திருந்த ஒரு ஆட்டிடையர், "அப்ப நான் என்ன செய்ய?" என்று கேட்டார்.

அனார்குல் தன் பழைய சரக்கிலிருந்து அவருக்கு மட்டும் ஒரு புட்டி எடுத்து ஜன்னல் வழியாக மெதுவாகக் கொடுத்ததை ஷார்ஷென் பார்த்தான். அவள் கண்கள் வீங்கியிருந்ததையும் பார்த்தான்.

"உஸ்தா, இங்க வாங்க" என்று கூப்பிட்டாள். "இத்தனை வருஷமா இந்த மருந்தைச் செய்றேன். ஒரு புட்டிகூட இப்படி ஆனதில்ல. உங்க ஃபிரிட்ஜிலயும் தப்பு இல்லைங்கிறாங்க. அப்ப நடுவுல எங்கயோ என்னவோ நடக்குது. நானே வந்து பாக்கணும். எங்க வைக்கிறீங்க, எப்படிக் கொடுக்கிறீங்க, நாய் எப்படிக் குடிக்குது, எல்லாத்தையும். ஞாயித்துக்கிழமை வரட்டுமா?"

அனார்குல் தன் வீட்டுக்கு வருவாள் என்று அவன் எத்தனையோ விதமாகக் கற்பனை செய்து வைத்திருந்தான். இந்த விதம் அதில் இல்லை.

"வாங்க" என்றான். "இறைச்சி வெச்ச மாந்திக் கொழுக்கட்டை செய்றேன்."

"நாயை வெளிய விட்டுடாதீங்க."

"விட மாட்டேன்" என்றான் ஷார்ஷென். அந்த நாயைப் பற்றி அவளிடம் அவன் சொன்னதில் அது ஒன்றுதான் பொய் இல்லை. இல்லாததை எங்கே விடுவது?

நேராகத் தொக்தோசுனிடம் போனான். முழு விஷயத்தையும் சொன்னான். தொக்தோசுன் கேட்டுவிட்டு, சிரித்து, வேலியைப் பிடித்துக்கொண்டு திரும்பவும் சிரித்தான்.

"சிரிச்சது போதும். உன் நாயைக் கொடு."

"தாய்லாக்கையா? உன் பொண்ணோட நாய் ஒல்லிக்குச்சி வேட்டைநாய். என்னுது மந்தைக்குக் காவல் நிக்கிற நாய். ஒட்டகக்குட்டி மாதிரி இருக்குன்னுதானே அதுக்கு அந்தப் பேரே வெச்சேன்."

"வேற யார்கிட்ட போய்க் கேக்க? வேட்டைநாய் வெச்சிருக்கிறவன் எல்லாம் ஞாயித்துக்கிழமை மலைக்குப் போயிடுவான்."

"அவ கேட்டா என்ன சொல்லுவே?"

"நல்லாச் சாப்பிட்டதுன்னு சொல்லுவேன்."

வீட்டிலிருந்த மருந்துப் புட்டிகளையெல்லாம் ஷார்ஷென் பொறுக்கினான். கோடை முழுக்க வாரத்துக்கு ஒன்றாக வாங்கிச் சேர்த்தவை. அவள் கையால் கலக்கியதைக் கொட்ட மனசு வராமல் அப்படியே வைத்திருந்தான். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டுபோய், பட்டறையில் ஓரமாகக் கிடந்த ஒரு பழைய ஃபிரிட்ஜுக்குள் அடுக்கி, கதவைச் சாத்தினான். சமையலறை ஃபிரிட்ஜில் ஒரே ஒரு புட்டியை மட்டும் பாதி காலி செய்து நிறுத்தினான்.

ஞாயிற்றுக்கிழமை அனார்குல் நீலப் பூப்போட்ட தலைத்துணியும் கையில் ஒரு பையுமாக வந்தாள். பையில் வெப்பமானி, நெஞ்சில் வைத்துக் கேட்கிற குழாய், அளவுக்கோப்பை எல்லாம் இருந்தன. ஒரு சின்னப் போத்தலில் ஆப்ரிகாட் பழ ஜாமும் இருந்தது. அதை எதற்குக் கொண்டுவந்தாள் என்று ஷார்ஷென் யோசிக்கவில்லை. யோசிக்கிற நிலையில் அவன் இல்லை.

முற்றத்தில் தாய்லாக் உட்கார்ந்திருந்தது. உட்கார்ந்தபடியே அது அவள் இடுப்பு உயரத்துக்கு இருந்தது.

அனார்குல் அதைப் பார்த்தாள். பிறகு ஷார்ஷெனைப் பார்த்தாள்.

"இதுதான் ஷாமலா?"

"ஆமா."

"வேட்டைநாய்னு சொன்னீங்க."

"வேட்டைக்குப் போறதை விட்டுடுச்சு. அதான் உடம்பு கொஞ்சம் போட்டுடுச்சு."

"ரோமமும் போட்டிருக்கு."

"குளிர்காலம் வருதில்ல."

அவள் சமையலறைக்குப் போய், ஃபிரிட்ஜுக்குள் வெப்பமானியை வைத்தாள். எடுத்துப் பார்த்தாள். தலையை ஆட்டினாள். புட்டியைக் குலுக்கினாள், சொட்டு எடுத்து விரலில் தேய்த்தாள், முகர்ந்தாள். எல்லாம் சரியாக இருந்தது. அதுதான் அவளுக்குப் புரியவில்லை.

"நாய் இன்னும் இருமவே இல்லையே" என்றாள்.

முற்றத்திலிருந்து ஒரு இருமல் கேட்டது. தாய்லாக்கின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்த ஷார்ஷென்தான் கையை வாயில் வைத்து மறைத்துக்கொண்டு இருமினான்.

அனார்குல் வந்து குழாயைக் காதில் மாட்டிக்கொண்டு நாயின் நெஞ்சில் வைத்தாள். கொஞ்சநேரம் கேட்டாள். பிறகு அதே குழாயை எடுத்து ஷார்ஷெனின் நெஞ்சில் வைத்தாள்.

"நாய்க்கு ஒண்ணுமில்ல" என்றாள். "உங்களுக்குத்தான் ரொம்ப அடிச்சுக்குது."

அதற்குள் தாய்லாக் எழுந்தது. அனார்குலின் கைவிரலை முகர்ந்தது. மருந்து தேய்த்த விரல். நாக்கால் ஒரு இழுப்பு இழுத்தது. பிறகு மூக்கைத் தூக்கி, காற்றில் அதே வாசனை வேறு எங்கிருந்தோ பெரிய அளவில் வருவதைக் கண்டுபிடித்தது. பட்டறைப் பக்கமாக நடக்க ஆரம்பித்தது. கயிற்றின் மறுமுனையில் ஷார்ஷென் இருந்தது அதற்கு ஒரு பொருட்டாகவே இல்லை.

"ஷாமல், நில்லு" என்று ஷார்ஷென் வழுக்கிக்கொண்டே கத்தினான்.

"தாய்லாக், நில்லுடா" என்று வேலிக்குப் பின்னாலிருந்து தொக்தோசுன் பழக்கதோஷத்தில் கத்தினான்.

நாய் நிற்கவில்லை. பட்டறைக் கதவைத் தலையால் முட்டித் திறந்தது. பழைய ஃபிரிட்ஜின் முன்னால் போய் இரண்டு கால்களையும் தூக்கி வைத்தது. கதவு திறந்துகொண்டது. ஒரு கோடைகாலத்து மருந்து முழுவதும் ஒவ்வொன்றாக உருண்டு வெளியே வந்து, அனார்குலின் காலடியில் போய் நின்றது.

தாய்லாக் ஒரு புட்டியை நக்க ஆரம்பித்தது.

அனார்குல் குனிந்து ஒரு புட்டியை எடுத்தாள். அதில் தன் கையெழுத்தைப் பார்த்தாள். வெளிச்சத்தில் பிடித்தாள். குலுக்கிப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் வரும் என்று ஷார்ஷென் காத்திருந்தான். ஆனால் முதலில் வந்தது கோபம் இல்லை. நல்ல பதத்தில் ரொட்டி சுட்டு எடுத்தவளின் திருப்தி.

"கோடை ஆரம்பத்துல செஞ்சது" என்று தனக்குத்தானே முணுமுணுத்தாள். "இன்னும் பிரியவே இல்ல."

பிறகுதான் அவளுக்கு மற்றது உறைத்தது.

"இதுல ஒண்ணைக்கூட நீங்க திறக்கலையே."

"திறக்கல."

"அப்ப நாய் எதைக் குடிச்சது?"

ஷார்ஷென் கயிற்றைக் கீழே போட்டான். "நாய் இல்ல" என்றான். "பொண்ணு வந்து கோடையிலேயே கூட்டிட்டுப் போயிட்டா. ஓஷ்ல இருக்கு. நல்லா இருக்கு. இருமல் இல்ல."

"இது?"

"என்னுது" என்றான் தொக்தோசுன் வேலிக்குப் பின்னாலிருந்து.

"அந்த வெடிச்ச புட்டி?"

"அதுல நான் குதிரைப்பால் ஊத்தினேன். வெயில்ல வெச்சேன், இன்ஜின்ல கட்டினேன், என்ன பண்ணியும் கெடவே மாட்டேன்னுது. உங்க மருந்து அப்படி."

அனார்குல் கையிலிருந்த புட்டியை ஃபிரிட்ஜ்மேல் வைத்தாள். "ஏன் உஸ்தா?" என்றாள்.

அதைச் சொல்ல அவனுக்கு அதைவிட நல்ல சமயம் கிடைத்திருக்காது. அவன் வாயைத் திறந்தான். தொக்தோசுனின் தலை வேலிக்கு மேலே இன்னும் ஒரு சாண் உயர்ந்தது. ஷார்ஷென் வாயை மூடிக்கொண்டான்.

அனார்குல் வெப்பமானியைப் பைக்குள் போட்டாள். "நாளைக்குக் காலையில எசென்கூல் எல்லாரையும் வரச்சொல்லியிருக்கார்" என்றாள். "நாய் மருந்துப் பிரிவையே மூடுறதா வேண்டாமான்னு முடிவு பண்ணப்போறாராம். இங்க சொன்னதை அங்க வந்து சொல்லுங்க."

போய்விட்டாள். மாந்தியைத் தாய்லாக் தின்றது. ஜாம் போத்தல் மேஜைமேல் இருந்தது.

மறுநாள் காலையில் மருந்தகத்தில் கால் வைக்க இடமில்லை. நாய் வைத்திருக்கிறவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். நாய் இல்லாதவர்களும் வந்திருந்தார்கள். பெய்ஷே கடையைப் பூட்டிவிட்டு வந்திருந்தான். எசென்கூல் நடுவில் நின்றார். அனார்குல் ஜன்னலுக்குப் பின்னால், தராசில் இல்லாத தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஷார்ஷென் முன்னால் போனான். தொப்பியைக் கழற்றினான்.

"மருந்துல தப்பில்ல" என்றான். "என் ஃபிரிட்ஜுலயும் தப்பில்ல. புட்டியில குதிரைப்பால் ஊத்தினது நான்தான். எனக்கு நாயே கிடையாது."

முதலில் பேசியவர் மலையிலிருந்து வந்திருந்த ஆட்டிடையர்.

"என் நாய் இழுத்துக்கிட்டுக் கிடக்குமோன்னு நான் மலையில தூங்காமக் கிடக்குறேன். உனக்கு என்னய்யா கேடு?"

"நாய் இல்லாதவன் எதுக்கு நாய் மருந்து வாங்கினே?" என்றார் எசென்கூல். "என் டை என்ன விலை தெரியுமா?"

ஷார்ஷென் தொப்பியை ஒரு சுற்றுச் சுற்றினான். எல்லோரும் இருக்கிறார்கள். வேலிக்குப் பின்னால் ஒரு தொக்தோசுனுக்குப் பயந்தவன், இப்போது ஊர் முழுக்க நிற்கும்போது சொல்ல வேண்டியிருக்கிறது. சொல்லாவிட்டால் அவளுடைய வேலை போய்விடும். அது ஒன்றுதான் அவனுக்கு முக்கியமாகப் பட்டது.

"இவங்களைப் பாக்கிறதுக்கு" என்றான். "வாராவாரம் இந்த ஜன்னல்கிட்ட நின்னு இவங்ககிட்ட பேசலாம்னுதான். வேற எப்படிப் பேசுறதுன்னு எனக்குத் தெரியல."

பெய்ஷே சத்தமாகச் சிரித்தான். பக்கத்தில் நின்ற பெண் அவனை முழங்கையால் இடித்தாள். ஆட்டிடையர், "இதை முதல்லயே சொல்லக்கூடாதா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் அவர் மீசை அசைந்தது. எசென்கூல், நாய் மருந்து இன்றிலிருந்து முன்போலவே தயாராகும் என்று அறிவித்தார். எல்லோரும் புட்டிகளைக் கையில் எடுத்துக்கொண்டு வரிசைக்கு முண்டினார்கள்.

அனார்குல் மட்டும் அசையவில்லை. அவள் ஷார்ஷெனைப் பார்த்துப் பேசியபோது குரல் கறாராக இருந்தது. அந்தக் குரலில் அவள் முன்பு பேசி அவன் கேட்டதில்லை.

"என் பேரு சந்தையில நாறிப்போச்சு. அதை நினைச்சீங்களா உஸ்தா?"

"தப்புத்தான்."

"இந்த வயசுல ஒரு மனுஷன் நேரா வந்து ரெண்டு வார்த்தை சொல்லாம, ஊரையே ஏமாத்தி, நாயைக் கடன் வாங்கி, மருந்துல குதிரைப்பால் ஊத்தி... இப்படியா சுத்தி வளைப்பாங்க?"

"ஆமா, கேளும்மா. நல்லாக் கேளு" என்று கூட்டம் அவள் பக்கம் சேர்ந்துகொண்டது. "நேர்மையான பொம்பளையை என்ன பாடு படுத்திட்டான் பாரு."

ஷார்ஷென் தலையைக் குனிந்துகொண்டான். தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே போவதற்குத் திரும்பினான்.

எசென்கூலுக்குத்தான் ஒரு விஷயம் இன்னும் பிடிபடவில்லை. "நில்லுப்பா" என்றார். "பாக்கத்தானே வந்தே. மாசத்துக்கு ஒரு புட்டி வாங்கிட்டுப் போனா ஆகாதா? எதுக்கு வாராவாரம் வாங்கினே?"

"அது ஒரு வாரம்தான் தாங்கும், அதுக்கு மேல போனா கொட்டிடணும்னு இவங்கதானே சொன்னாங்க" என்றான் ஷார்ஷென்.

வரிசையின் கடைசியில், தன் குட்டி வெள்ளைநாய் புசிக்கை அக்குளில் இடுக்கிக்கொண்டு வாலென்தீனா நின்றிருந்தாள். பென்ஷன் வாங்குகிற வயசு. எப்போதாவதுதான் ஊருக்குள் வருகிறவள். அவள் தன் கையிலிருந்த புட்டியைத் தூக்கிக் கண்ணாடிக்கு நேரே பிடித்து, எழுதியிருந்ததை இன்னொரு தடவை படித்தாள்.

"ஒரு வாரமா?" என்றாள். "என் புசிக்கோட இருமலுக்கும் இதே மருந்துதான்ப்பா. ரெண்டு மாசம் வரைக்கும் ஒண்ணும் ஆகாது, அதுக்கு முன்னாடி இந்தப் பக்கமே வர வேண்டாம்னு இந்த அனார்குல்தானே எழுதிக் கொடுத்திருக்கா."